ஆட்டத்துக்கு முன்னும் பின்னும்

ஒழுங்கு, பணிவு, போட்டி மூன்றும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்று நினைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் பிள்ளை வளர்க்கிறோம், கடை நடத்துகிறோம், அலுவலகத்தில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறோம். கண்டிப்பு கூடினால் பிள்ளை விலகிப் போவான். பணிவு கூடினால் பிழைக்கத் தெரியாதவனாகிவிடுவான். போட்டியை வளர்த்தால் அண்ணனும் தம்பியும் நாளைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இந்தப் பயத்தில் மூன்றையும் அரைகுறையாக வைத்துக்கொள்கிறோம். கொஞ்சம் திட்டு, கொஞ்சம் செல்லம், பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டிக் கொஞ்சம் உசுப்பல். எதுவும் உருப்படியாக நடப்பதில்லை.

இந்த அத்தியாயம் சொல்வது வேறு. மூன்றில் எதையும் குறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அதை முழுதாகச் செய்யுங்கள். மற்ற நேரத்தில் அதை உள்ளே விடாதீர்கள். இதை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் சதுரங்கம் ஆடுகிறவர்கள். தமிழ்நாட்டில் அவர்களைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

சதுரங்கத்தின் வழக்கங்களைக் கவனித்திருப்பீர்கள். உட்கார்ந்ததும் இருவரும் கைகுலுக்குகிறார்கள். கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். ‘தெரியாமல் தொட்டுவிட்டேன்’ என்பதற்கு இடமில்லை. தன்னுடையது, எதிராளியுடையது என ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுத வேண்டும். அடுத்த நான்கைந்து மணி நேரம் இரக்கம் என்ற பேச்சே கிடையாது. முடிந்ததும் மறுபடி கைகுலுக்கல். பிறகுதான் வெளியாள்கள் பலர் அறியாத ஒன்று நடக்கிறது: தோற்றவரும் வென்றவரும் அதே ஆட்டத்தைச் சேர்ந்து உட்கார்ந்து ஆராய்கிறார்கள். ‘இங்கே நீ குதிரையை எடுத்திருந்தால் நான் மாட்டியிருப்பேன்’ என்று வென்றவரே சொல்லிக் கொடுப்பார். நாளை மறுநாள் இருவரும் மறுபடி மோத வேண்டியிருக்கும். அது தெரிந்தேதான் சொல்கிறார்.

ஆட்டத்துக்கு முன் ஒழுங்கு. ஆட்டத்தில் போட்டி. எழுந்த பிறகு பணிவு. இந்த வரிசை வீட்டுக்கும் வேலைக்கும் எப்படிப் பொருந்தும் என்று பார்க்கலாம்.

உட்காருவதற்கு முன்

உலகச் சாம்பியனாக இருந்த விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாய் சுசீலா. தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் சில காலம் மணிலாவில் இருந்தது. அங்கே மதிய நேரத்தில் தொலைக்காட்சியில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வரும். கடைசியில் ஒரு புதிர் கொடுப்பார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா அந்த ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். சரியான விடைக்குப் பரிசு ஒரு புத்தகம். பையன் வாங்கிக் குவித்ததைப் பார்த்து, வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாமல் இருந்தால் போதும் என்று நிகழ்ச்சிக்காரர்கள் சொல்லும் அளவுக்குப் போனது.

இந்தக் கதையை ஆனந்தின் மேதைமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அது அம்மாவின் ஒழுங்குக்குச் சான்று. ‘போய்ப் படி’ என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். நாள் தவறாமல் அந்த நேரத்துக்கு உட்கார்ந்து எழுதி வைப்பதற்குத்தான் ஒழுங்கு வேண்டும். பிள்ளை மீது சுமத்துகிற ஒழுங்கைவிட பிள்ளைக்காகப் பெரியவர் தன்மேல் சுமந்துகொள்கிற ஒழுங்கு வலுவானது.

கிராண்ட்மாஸ்டர்களான தம்பி பிரக்ஞானந்தா, அக்கா வைஷாலி வீட்டிலும் அதுதான் நடந்தது. தொலைக்காட்சிப் பழக்கத்தைக் குறைக்க வைஷாலியைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த தம்பியும் கூடவே பலகைக்கு வந்தான். வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளோடு போகும் அவர்களுடைய தாய் நாகலட்சுமி அடுப்பையும் குக்கரையும் பெட்டியில் வைத்துக்கொண்டே போவார். எந்த ஊரானாலும் ரசம் சாதம் கிடைக்கும். பின்னாளில் உலகச் சாம்பியன் ஆன குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர்; மகனோடு பயணம் போவதற்காகத் தன் மருத்துவத் தொழிலை நிறுத்தி வைத்தார்; குடும்பச் செலவைத் தாயின் சம்பளம் தாங்கியது. எல்லாக் குடும்பத்தாலும் இப்படிச் செய்ய முடியாது. செய்ய வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் சிறிய அளவில் எவராலும் முடிந்த ஒன்று இருக்கிறது: பிள்ளையின் பயிற்சி நேரத்தில் உங்கள் கைப்பேசியும் அணைந்திருக்க வேண்டும். ஆறு மணிக்குப் புத்தகம் திறக்க வேண்டும் என்றால், ஆறு மணிக்கு அந்த அறையில் தொலைக்காட்சி ஓடக் கூடாது. விதி பெரியவருக்கும் சேர்த்துத்தான்.

குறுக்கு வழியை மறுப்பதும் ஒழுங்கின் ஒரு பகுதி. இன்று எந்தச் சதுரங்க நிலையையும் கணினி நொடியில் அலசிச் சொல்லிவிடும். குகேஷின் வளரும் காலத்தில் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நீண்ட நாள் கணினியின் துணையை அவருக்குக் கொடுக்கவில்லை. தானே கணக்குப் போட வைத்தார். உங்கள் வீட்டில் கணக்குப் பாடத்துக்கும், கடையில் கணக்குப் பார்க்க வந்திருக்கும் புதுப் பையனுக்கும் இது பொருந்தும். விடையைக் காட்டுவதற்கு முன் அவனுடைய விடையைக் கேளுங்கள். தப்பாக இருந்தாலும் எழுதட்டும்.

தலைமையில் இருப்பவர்களுக்கு, நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாடில் ஓர் அணியின் கேப்டனைவிட நல்ல பாடம் கிடையாது. அணியில் ஐந்து பேர், பலகை நான்கு. ஒவ்வொரு சுற்றிலும் யார் வெளியே உட்கார வேண்டும் என்று அவர் முடிவு செய்து பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். 2024இல் புடாபெஸ்டில் ஸ்ரீநாத் நாராயணன் கேப்டனாக இருந்த இந்திய அணி 22க்கு 21 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றது. அந்த அணியின் மூத்தவர் ஹரிகிருஷ்ணா. 2001இலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர், ஆனந்துக்கு அடுத்த இடத்தில் நெடுங்காலம் இருந்தவர். 11 சுற்றில் அவர் ஆடியது 3. மற்ற நாள்களில் இளைஞர்கள் ஆடினார்கள். இப்படி ஒரு முடிவைப் போட்டி நடக்கும் அன்று காலையில் எடுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். முன்னாலேயே பேசி, காரணம் சொல்லி, வெளியே உட்காருகிறவருக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று தெளிவாக்கியிருந்தால்தான் அது நிற்கும். உங்கள் அலுவலகத்தில் ஒரு பெரிய வேலைக்கு நான்கு பேரைப் போட்டு ஐந்தாமவரை விடுகிறீர்கள் என்றால், ஐந்தாமவரிடம் முதலில் பேசுங்கள். பட்டியலைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

பலகையில்

இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆட்டம் தொடங்கிய பிறகு முழு மூச்சோடு ஆட வேண்டும். பணிவு என்ற பெயரில் விட்டுக்கொடுக்கப் பழக்காதீர்கள். ‘மாமா பையன்தானே, ஜெயித்துவிட்டுப் போகட்டும்’ என்று சொல்லி வளர்த்த பிள்ளை, நாளைக்குச் சம்பளம் பேசும் இடத்திலும் வாய் மூடி நிற்கும். அதேபோல் சின்னப் பிள்ளையிடம் வேண்டுமென்றே தோற்காதீர்கள். பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். வேண்டுமானால் உங்கள் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடுங்கள். சலுகை வெளிப்படையாக இருக்கட்டும், ஆட்டம் உண்மையாக இருக்கட்டும்.

ஆட்டம் நடக்கும்போது கேப்டன் என்ன செய்கிறார்? டிரா கேட்பது, ஏற்பது போன்ற ஒன்றிரண்டு விஷயங்களைத் தவிர, பலகையில் உள்ள நிலையைப் பற்றி அவர் ஒரு சொல் பேசக் கூடாது. தன் ஆள் தவறான காயைத் தொடப் போவது கண்ணுக்குத் தெரிந்தாலும் பேசாமல்தான் நிற்க வேண்டும். மேலதிகாரிகள் பலருக்கும் இதுதான் வராது. வாடிக்கையாளர் முன்னால் தன் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து திருத்துவார்கள். அப்பாக்கள் பிள்ளை மேடையில் இருக்கும்போது கீழேயிருந்து கையசைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் சொல்வது சரியாகவே இருந்தாலும், ‘உன்னால் தனியாக முடியாது’ என்பதுதான் எதிரே போய்ச் சேருகிறது.

போட்டியின் எல்லை பலகையின் ஓரத்தோடு முடிகிறது என்பதையும் கற்றுத்தர வேண்டும். 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் 16 வயது குகேஷ் இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதல் பலகையில் ஆடினார். முதல் எட்டு ஆட்டமும் வெற்றி. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக, கைக்கு வந்த ஆட்டத்தைத் தவறவிட்டுத் தோற்றார். அணிக்கு வெண்கலம்தான் கிடைத்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. சொந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பையனுக்கு இதைவிடக் கசப்பு என்ன இருக்க முடியும்? இரண்டு ஆண்டு கழித்து புடாபெஸ்டில் அதே முதல் பலகையில் அவரைத்தான் உட்கார வைத்தார்கள். ஒரு தோல்விக்காகப் பொறுப்பைப் பறிக்கிற தலைவர், தன் ஆள்களுக்குத் துணிந்து ஆட வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கிறார்.

எழுந்த பிறகு

நம் வீடுகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை சிறுவர் சதுரங்கப் போட்டி நடக்கும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பாருங்கள். உள்ளே பெற்றோருக்கு அனுமதி இல்லை. தாழ்வாரத்தில் சாப்பாட்டுப் பையோடு காத்திருப்பார்கள். பிள்ளை கதவைத் தாண்டி வந்ததும் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: “ஜெயிச்சியா?” இல்லை என்று தலையாட்டினால் அடுத்த கேள்வி: “யார்கிட்ட? ரேட்டிங் என்ன?” தன்னைவிடக் குறைந்த ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றிருந்தால் அங்கேயே அர்ச்சனை. அரை மணி நேரத்தில் அடுத்த சுற்றுக்கு அதே பிள்ளை அழுத கண்ணோடு உள்ளே போகும்.

முன்னால் காட்ட வேண்டிய ஒழுங்கைப் பின்னால் காட்டுகிறோம். போட்டி முடிந்த பிறகும் போட்டியை நடத்திக்கொண்டிருக்கிறோம். முதல் கேள்வியை மாற்றுங்கள். “பசிக்குதா?” என்பதே போதும். சாப்பிட்ட பிறகு, பிள்ளையாகப் பேச ஆரம்பித்தால் கேளுங்கள். ஆட்டத்தை அன்று இரவோ மறுநாளோ, எழுதி வைத்த தாளைப் பார்த்துப் பேசலாம். பேசும்போது எதிராளி ஆடிய நல்ல நகர்வு எது என்பதிலிருந்து தொடங்குங்கள். பணிவைப் பழக்குவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை. ‘அடக்கமாக இரு’ என்று ஆயிரம் முறை சொல்வதால் வராதது, எதிராளியின் நல்ல நகர்வை வாய் திறந்து சொல்லிச் சொல்லி வந்துவிடும். அதன் பிறகு, எந்த இடத்தில் நிலை மாறியது என்று பிள்ளையே காட்டட்டும். கடைசியாக, அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ள ஒரே ஒரு விஷயம். ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

வென்ற நாளிலும் இதே ஆராய்ச்சி நடக்க வேண்டும். பலர் தோற்றபோது மட்டும் உட்காருகிறார்கள். அப்போது அது தண்டனையாகிவிடுகிறது.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷுக்கும் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கும் இடையே உலகப் பட்டத்துக்கான பதினான்காவது, கடைசி ஆட்டம். ஆறரைக்கு ஆறரை என்று சமநிலை. டிங் 55ஆவது நகர்வில் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். சிறிது நேரத்தில் டிங் கை நீட்டி தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் உலகச் சாம்பியன் ஆன குகேஷ் கண்ணீரோடு முதலில் செய்தது, காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொடக்க இடங்களில் திரும்ப அடுக்கியது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வகுப்பு முடிந்த மாணவன் செய்வதை அவர் செய்தார். பிறகு பேசும்போது தோற்ற டிங்கை உண்மையான சாம்பியன் என்று போற்றினார். அந்த நேரத்தில் யோசித்துச் செய்யக்கூடிய காரியமா அது? பல ஆண்டுப் பழக்கம் கையில் ஊறியிருந்தால்தான் வரும். பணிவை ஒரு மனநிலையாக எதிர்பார்க்காமல், கை செய்யும் வேலையாகப் பழக்கலாம் என்பதற்கு இதைத்தான் நான் காட்டுவேன். ஆடிய பலகையை அடுக்கி வை. எதிராளிக்குக் கை கொடு. நடுவருக்கு நன்றி சொல்.

பின்னால் பணிவாக இருப்பவர்களுக்கு முன்னால் உதவி கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆனந்த் 2008இல் பான் நகரத்தில் கிராம்னிக்கைத் தோற்கடித்து உலகப் பட்டத்தைத் தக்கவைத்தார். 2010இல் சோஃபியாவில் தோபலோவை எதிர்த்து அவர் ஆடியபோது, தயாரிப்பில் உதவியவர்களில் அதே கிராம்னிக்கும் ஒருவர். காஸ்பரோவும் கார்ல்சனும் கூட. அவரோடு பட்டத்துக்காக மோதியவர்களும் பின்னால் மோதப் போகிறவரும்! குகேஷ் சிங்கப்பூருக்குத் தயாரானபோது, புடாபெஸ்டில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்த ஹரிகிருஷ்ணா அவருடைய உதவிக் குழுவில் இருந்தார்.

இதற்கெல்லாம் மேலான ஒன்றை ஆனந்த் செய்தார். 1986 முதல் இந்தியாவின் முதல் இடம் அவருடையதாக இருந்தது. 2020இல் அவர் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி போன்ற இளையவர்களைச் சேர்த்துத் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார். 2023 செப்டம்பர் தரவரிசையில் குகேஷ் அவரை முந்தினார். 37 ஆண்டுகளாக இருந்த இடம் தான் பயிற்றுவித்த பையனிடம் போனது. சொந்தத் தொழில் நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் நின்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தொழிலில் உங்களுக்குத் தெரிந்த நுட்பம், சரக்கு வாங்கும் இடம், வங்கியில் பேசும் முறை, இதில் எதை உங்கள் மகளுக்கோ கடையில் இருக்கும் மூத்த ஊழியருக்கோ இன்னும் சொல்லித்தராமல் வைத்திருக்கிறீர்கள்? அதற்கு ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் மாதக் கடைசி ஆய்வுக் கூட்டத்துக்கும் இதே முறைதான். அங்கே முதலில் அலசப்பட வேண்டியது தலைவரின் முடிவு. ‘விலையைக் குறைக்கச் சொன்னது நான், அது தப்பாகப் போனது’ என்று மேலே இருப்பவர் தொடங்கினால், கீழே இருப்பவர்கள் தங்கள் பிழையை மறைக்கமாட்டார்கள். முடிவுகளை எடுத்தபோதே காரணத்தோடு எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்தில் ஆளுக்கொரு ஞாபகம் இருக்கும், சத்தமாகப் பேசுகிறவரின் ஞாபகம் ஜெயிக்கும்.

ஒரே வீட்டில் இரண்டு பேர்

அக்கா தம்பி, அண்ணன் தங்கை ஒரே துறையில் இருந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். பிரக்ஞானந்தா 2018இல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். நான்கு வயது மூத்த அக்கா வைஷாலிக்கு அந்தப் பட்டம் 2023 டிசம்பரில்தான் நிறைவேறியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலும் தம்பியின் பெயர்தான் பத்திரிகைகளில். அந்தக் காலத்தில் ஒரு வீடு எதைப் பேசுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2024இல் டொராண்டோவில் அக்காவும் தம்பியும், உலகச் சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஒரே நேரத்தில், அவரவர் பிரிவில் ஆடினார்கள். உடன்பிறந்த இருவர் அப்படி ஆடியது அதுவே முதல் முறை. அங்கே வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றார். பிறகு தொடர்ந்து ஐந்து ஆட்டம் வென்று இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டு புடாபெஸ்டில் பிரக்ஞானந்தா இருந்த அணியைப் போலவே வைஷாலி இருந்த பெண்கள் அணியும் தங்கம் வென்றது. இருவர் கழுத்திலும் தங்கம்.

உங்கள் வீட்டுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை. ஒருவரின் முடிவை மற்றவரின் முன்னால் அளவுகோலாக வைக்காதீர்கள். ‘தம்பியைப் பாரு’ என்ற சொல்லே வீட்டில் எழக் கூடாது. ஒவ்வொருவரையும் அவரவரின் போன ஆண்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். இருவரும் ஒருவரோடொருவர் பயிற்சி ஆட்டம் ஆடட்டும், கடுமையாகவே ஆடட்டும். ஆனால் அந்த முடிவு அறையை விட்டு வெளியே வர வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் மதிப்பெண், ரேட்டிங், சம்பளம் இவற்றைப் பேசுவதில்லை என்று ஒரு விதி வைத்து, தாத்தா பாட்டிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். விருந்தாளி யாராவது கிளறினால், பேச்சை மாற்றுவது உங்கள் பொறுப்பு, பிள்ளையுடையது இல்லை.

அப்பாவின் கடையை இரண்டு மகன்கள் பார்க்கும் குடும்பங்களுக்கும் இதேதான். கிளைகளைப் பிரித்துக் கொடுத்தால் எந்தக் கிளை அதிகம் விற்றது என்று ஒப்பிடும் ஆசை வரும். இடமும் வாடிக்கையாளரும் வேறு வேறு. அந்த ஒப்பீடு நியாயமாகாது. ஒவ்வொரு கிளையும் போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் என்ன செய்தது என்று பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் இருவரும் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்து, மற்றவரின் கிளையில் நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கட்டும்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: என் பிள்ளைக்குப் போட்டியே பிடிக்கவில்லை, தோற்பதற்குப் பயந்து போகவே மாட்டேன் என்கிறான், என்ன செய்ய? போட்டியைச் சிறிதாக்குங்கள். ரேட்டிங் இல்லாத, பரிசு இல்லாத ஆட்டங்கள், பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு, வீட்டுக் கூடத்தில். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் இருவரும் சேர்ந்து பலகையை அடுக்கி, ஐந்து நிமிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஆறு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அதற்குள் தோற்றுவிட்டு உட்கார்ந்து பேசப் பழகியிருப்பான். வேறு எந்தத் துறைக்குப் போனாலும் அது அவனுக்கு வேண்டியிருக்கும்.